தண்ணீர் ஊற்றாமல் இருக்கிற உத்தியோகம்

செடி பார்க்கும் வேலையில் தண்ணீர் ஊற்றுவது சுலபம். ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கொடுமை. அதிலும் ஆர்க்கிட் செடியில் இலை உதிர்க்கிற ஜாதி என்று ஒன்று இருக்கிறது. கார்த்திகையில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிடும். அப்புறம் பங்குனி வரைக்கும் வெறும் தண்டுதான், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி தொங்கும். அந்த நாலு மாதமும் அது தூங்குகிறது. தூங்குகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், இல்லையென்றால் பூ வர வேண்டிய கணுவில் எல்லாம் குட்டிச் செடி முளைக்கும். இதை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் தினமும் நூறு தடவை எட்டிப் பார்க்கும் ஜென்மங்கள் நாம்.

நான் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் கட்டிங் பார்த்தவன். துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷின் வைத்து அறுக்கும்போது பறக்கிற பஞ்சு எனக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஒருநாள் கட்டிங் டேபிள் மேலேயே மூச்சு முட்டிச் சாய்ந்தேன். இன்னொரு தடவை பஞ்சுக்குள் போனால் தன்னால் எந்த உத்தரவாதமும் தர முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மா ஆசைப்பட்டு, கம்பெனிக்குப் பின்னால் பச்சை வலை போட்டுக் கொட்டகை கட்டி, கேரளாவில் ஒரு நர்சரியிலிருந்து நாற்பது ஆர்க்கிட் வாங்கித் தொங்கவிட்டார். பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார். கூடவே ஒரு நிபந்தனை: பங்குனி முடிவதற்குள் பூக்க வேண்டும். பூக்காவிட்டால் கொட்டகை துணி ரோல் அடுக்கப் போய்விடும், நான் பழையபடி கட்டிங்குக்குப் போக வேண்டும். என் மூச்சுக் கதையை மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பஞ்சு அலர்ஜி திருப்பூர்ல யாருக்குங்க இல்ல?"

இலை திருடியவன்

கார்த்திகை பிறந்து மழை விட்டதும் முதல் இலை பழுத்தது. இலை உதிர ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், பயப்படாதீர்கள் என்று நர்சரிக்காரர் போனில் சொல்லியிருந்தார். தண்ணீரை நிறுத்தினேன். பயத்தை நிறுத்த முடியவில்லை. நான் இதற்கு முன்னால் வளர்த்தது ஒரே ஒரு துளசி, அதுவும் வீட்டுக்காரி தயவில் பிழைத்தது. ஒரு வாரத்தில் நாற்பது செடியும் இலையைக் கொட்டத் தொடங்கின. மேனேஜர் கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது என்று தோன்றியது. காலையில் முதல் ஷிப்ட் வருவதற்கு முன்னாலேயே வந்து, உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி, கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்துவிடுவேன். இலையைத் திருடி ஒளித்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் வேஸ்ட் துணி எடுக்கிற வியாபாரி ஒரு மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்து மேனேஜர் மேஜை மேல் வைத்தார். வெள்ளைத் துணியெல்லாம் பழுப்புக் கறை, உள்ளே பழுத்த இலை. மேனேஜர் மூட்டையோடு நேராகக் கொட்டகைக்கு வந்தார். மொட்டைத் தண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்துக் கொட்டகையின் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்தார். எனக்கு அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"செடி செத்தா மறைக்காதீங்க கதிரு, சொல்லீறுங்க. முப்பது ரோலு வெளியில கெடக்குது."

இரக்கம் உள்ளவர்கள்

பனியன் கம்பெனியில் இருநூறு பேர் வேலை பார்க்கிறார்கள், இருநூறு பேருக்கும் நல்ல மனசு. அதுதான் என் கேடு. சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிழலில் வந்து உட்கார்வார்கள். எழுந்து போகும்போது பாட்டிலில் மிச்சம் இருக்கிற தண்ணீரைக் காய்ந்த தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். நான் ஓடிப் போய்த் தொட்டியைக் கவிழ்த்து வடிப்பேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒருவர் ஊற்றுவார். தமிழிலும் இந்தியிலும் 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று போர்டு எழுதி மாட்டினேன். போர்டைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்காதவனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

செக்கிங்கில் மமோனி என்று ஒரு அஸ்ஸாம் பெண். அவள் ஒருத்திதான் ஊற்றவில்லை. இந்தச் செடி அவள் ஊரில் பலா மரத்தில் தானாகவே தொங்குமாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம், பூ மட்டும் வந்துவிடுமாம். கேட்டதும் எனக்கு அரை நாள் தைரியம் வந்தது. மத்தியான வெயில் ஏறியதும் அவள் ஊர் வேறு, நம் ஊர் வேறு என்று தோன்றி அந்தத் தைரியமும் போயிற்று.

பெருக்குகிற பழனியம்மாக்காவைத்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். வாளியிலிருந்து செம்பில் மொண்டு மொண்டு, வரிசையாக ஆறு செடிக்கு ஊற்றிவிட்டு ஏழாவதில் நின்றிருந்தார். போர்டைக் காட்டினேன். படித்துக் காட்டினேன். அவர் செம்பைக் கீழே வைக்காமல் என்னைக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, நீங்க தண்ணி குடிச்சுப்போட்டுத்தான இந்த போர்ட எழுதுனீங்க?"

தீ ஒத்திகை

எங்கள் கம்பெனியில் சில மாதத்துக்கு ஒரு தடவை தீ ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடி மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தலை எண்ணி முடிக்கும் வரை யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது, அசைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். இதற்கிடையில் இரண்டு பேர் பெரிய ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் காட்டுவார்கள். வழக்கமாகப் பின்சுவரில் அடிப்பார்கள். இந்த மார்கழியில், பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் வரப்போகிறார்கள் என்று அந்தச் சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தது. ஹோஸ் பிடித்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பாழாய்ப் போனாலும் யாரும் கேட்காத இடம் என்று அவர்களுக்குத் தெரிந்தது என் கொட்டகைதான்.

நான் வரிசையில் நூற்று முப்பத்தி இரண்டாவது ஆள். எண்ணிக்கை நாற்பதில் இருந்தது. கண் முன்னால் நாற்பது செடியும் பொழிகிற தண்ணீரில் கம்பியோடு ஆடின, நான் அசையாமல் நின்று பார்த்தேன். மார்கழிக் குளிரில், தூங்குகிற செடியின் அடியில் தண்ணீர் தங்கினால் மூன்று நாளில் கறுத்துவிடும் என்று நர்சரிக்காரர் சொன்னது காதுக்குள் ஓடியது. அந்த ஒத்திகை வெற்றி என்று பயிற்சி கொடுக்க வந்தவர் கை தட்டினார்.

செடிகளைக் காயவைக்க அயர்னிங் செக்‌ஷனை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கேதான் சூடும் இருக்கிறது, பெரிய பேனும் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு வழி கட்டிங் ஹால் நடுவில். கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நடந்தேன். நாலு நடை சரியாக இருந்தது. ஐந்தாவது நடையில் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்தது. எட்டாவது நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், பாக்கெட்டில் இருந்த இன்ஹேலரை எடுக்கக்கூடக் கை வரவில்லை. உண்மையாகவே அன்றைக்குச் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மமோனிதான் பார்த்துவிட்டு ஓடி வந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். மிச்சச் செடிகளை அவளும் செக்கிங் பெண்களும் கொண்டு போனார்கள். கடைசித் தொட்டியைத் தூக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, செடி சாகாது. நீங்க உள்ள வந்தா நீங்க செத்துப் போகும்."

பச்சை ரிப்

தை மாதம் பையர் வரும் நாள் நெருங்கியது. மொட்டைத் தண்டுகளை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தால் கம்பெனி மானம் போய்விடும் என்று மேனேஜர் முடிவு செய்தார். செடிகளைத் தூக்கி வெளியே போடலாம் என்றார். முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் இலை வேண்டும் என்றார் மேனேஜர். திருப்பூரில் எது வேண்டுமென்றாலும் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்து, பனியன் கழுத்துக்கு வைக்கிற பச்சை ரிப் துணியில் ஒரே நாளில் ஐந்நூறு இலை வெட்டி, ஓரம் அடித்து, நடு நரம்புக்கு ஒரு தையலும் போட்டு, தண்டில் நூலால் கட்டிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே நெஞ்சு நிறைந்தது. கிட்டே போனால் பயம்தான். துணி இரவுப் பனியை எல்லாம் குடித்துக்கொண்டு கணுக்களை ஈரமாகவே வைத்திருந்தது. தண்ணீர் ஊற்றாதே என்று ஊர் முழுக்கச் சண்டை போட்டவன், செடிக்கு ஈரத் துணியைச் சுற்றிவிட்டு நின்றேன்.

இரண்டு நாளில் வர வேண்டிய பையர் ஆறு நாள் கழித்து வந்தார். நரைத்த தலை, கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். கொட்டகைக்கு வந்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு இலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாகத் தேய்த்தார். முப்பது வருடமாகத் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் பார்த்த விரல். அவர் சிரிக்கவில்லை, ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மெர்ச்சண்டைசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இது எத்தனை ஜி.எஸ்.எம்.னு கேக்கறாங்க."

நகக்குறி

துணி இலைகளை வெட்டி எறிந்த பிறகு புதுப் பைத்தியம் பிடித்தது. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கீறினேன், பச்சை தெரிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில், நேற்றுப் பச்சை இருந்தது சரி, இன்றைக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. இப்படியே மாசி பிறக்கும்போது ஒவ்வொரு தண்டிலும் வரிசையாக நகக்குறி. சாப்பாட்டு நேரத்தில் மமோனி ஒரு தண்டைத் தடவிப் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை, என் நகத்தைப் பார்த்தாள்.

"தூங்குறவங்களத் தினமும் தட்டி எழுப்பி, நல்லாத் தூங்குறியான்னு கேப்பீங்களா அண்ணா?"

நாற்பதாவது தொட்டி

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாசி நடுவில் கட்டிங் ஹால் வாசலில் இருக்கிற ஷிப்ட் போர்டில் சித்திரை மாதத்துக்கு இப்போதே ஆள் எழுதியிருந்தார்கள். ஆறாவது டேபிளில் என் பெயர். பென்சிலில்தான் எழுதியிருந்தது, அழிக்கலாம், ஆனாலும் என் பெயர். நாற்பதும் செத்திருந்தால் என்ன செய்வது, ஒன்றாவது தண்ணீர் குடித்துத் துளிர்க்கிறதா என்று தெரிந்தால் போதும் என்று தோன்றியது. கடைசி வரிசையில் மூலையில் இருந்த தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். யாருக்கும் தெரியாமல் எட்டு நாள் ஊற்றினேன்.

ஒன்பதாம் நாள் அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஊறவைத்து மறந்த துணி நாற்றம். தீ ஒத்திகையில் பிழைத்தது, ரிப் துணியில் பிழைத்தது, இருநூறு பேர் இரக்கத்தில் பிழைத்தது, என் கையில் போய்விட்டது. தொட்டியைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒளித்துவைப்பதில் எனக்கு என்றைக்குமே ராசி கிடையாது. பழனியம்மாக்கா பெருக்கிக்கொண்டு வந்தவர் விளக்குமாற்றை நிறுத்தி, தொட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்களுக்கெல்லாம் போர்டு வெச்சீங்க. உங்களுக்கு ஒண்ணு வெக்க மறந்துட்டீங்களே சாமி."

முண்டு

மாசி கடைசியில், மிச்சம் இருந்த முப்பத்தொன்பதிலும் கணுவுக்குக் கணு மிளகு அளவில் முண்டு முண்டாக வந்தது. குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை, ஏனென்றால் அது பூமொட்டாகவும் இருக்கலாம், தண்ணீர் பட்ட பாவத்துக்கு முளைக்கிற குட்டிச் செடியாகவும் இருக்கலாம். பழனியம்மாக்கா ஊற்றியது, ஹோஸ் அடித்தது, துணி குடித்த பனி எல்லாம் கணக்கில் வந்து நின்றது. குட்டியாக இருந்தால் பூ கிடையாது, ஆறாவது டேபிள்தான். போட்டோ எடுத்து நர்சரிக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர்.

"பத்து நாளைக்கு அது எனக்கே தெரியாதுங்க, எனக்கும் பயமாத்தான் இருக்கும்."

பூத்த பிறகு

பூத்துவிட்டது. பங்குனி இருபதாம் நாள் காலையில் வந்து பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லாத தண்டு முழுக்க இளம் ஊதாப் பூ, மேலிருந்து கீழ் வரை. ஒரு வாரத்தில் முப்பத்தொன்பதும் பூத்தன. வாசனை அயர்னிங் செக்‌ஷன் வரைக்கும் போயிற்று. நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. மமோனி வீடியோ எடுத்து அஸ்ஸாமுக்கு அனுப்பினாள். பென்சிலில் எழுதியிருந்த என் பெயரை யாரோ ரப்பர் வைத்து அழித்திருந்தார்கள். முதலாளியம்மா வந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துவிட்டு, கொட்டகையை யாரும் தொடக் கூடாது என்று மேனேஜரிடம் சொன்னார். அந்த நிமிடத்தில் என்னைப் போல் சந்தோஷமான ஆள் ஊரில் இல்லை.

பிறகு அவர் ஆசையாகக் கேட்டார், நாலு மாதமாக என்ன போட்டீர்கள், என்ன உரம், என்ன மருந்து என்று. வாய் இருக்கிறதே, அது சந்தோஷத்தில்தான் கெட்டுப்போகும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். ஒன்றுமே போடவில்லை அம்மா, தண்ணீர்கூட ஊற்றவில்லை, சும்மாதான் இருந்தேன் என்றேன். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா யோசிக்க ஆரம்பித்தார். அந்த நாலு மாதம்தான் செடிக்குக் கண்டம், காவலுக்கு ஆள் வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். போர்டு இருக்கிறதே என்றார் மேனேஜர். என் மூச்சைப் பற்றிச் சொன்னேன். மாஸ்க் வாங்கித் தருவதாகவும் அவரே சொன்னார். முதலாளியம்மா கெட்ட மனசுக்காரர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"அப்பச் செடி தூங்கற நாலு மாசம் மட்டும் நீங்க கட்டிங் பாத்துக்குங்க கதிரு, சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு?"

இப்போது ஐப்பசி நடக்கிறது, இலை பழுத்தால்தான் நான் கட்டிங்குக்குப் போக வேண்டும் என்பதால் முப்பத்தொன்பது செடிக்கும் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு இலையும் உதிரக் கூடாது என்று தினமும் முருகனிடம் வேண்டிக்கொள்கிறேன், நான் கேட்டதை அவர் கொடுத்தால் பங்குனியில் ஒரு பூவும் வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.